இரண்டு இரும்புப் பட்டைகள்: இங்கிலாந்தில் ஒரு பார்க்கிங் டிக்கெட்டை எதிர்த்த அனுபவம்

2023 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மாலை, நண்பர் வீட்டுக்குக் குழந்தை பார்க்கப் போயிருந்தேன். பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஒன்றரை மணி நேரம் இருந்துவிட்டு வெளியே வந்தால், காரின் முன் கண்ணாடியில் மஞ்சள் உறை ஒட்டியிருக்கிறது. பார்க்கிங் டிக்கெட். 70 பவுண்டு அபராதம். 14 நாளுக்குள் கட்டினால் 35 போதும்.

நான் கவனிக்காமல் நிறுத்தியிருந்தால் அந்த 35-ஐக் கட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் நிறுத்தும்போதே பார்த்தேன். தெருவில் ஒற்றை மஞ்சள் கோடு இருந்தது. ஒற்றைக் கோடு என்றால் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் தடை. எந்த நேரம் என்று சொல்லும் சின்னப் பலகை பக்கத்தில் இருக்க வேண்டும். எனக்கு நேரே ஒரு கம்பம் நின்றது. அதில் பலகையைப் பிடிக்கும் இரண்டு இரும்புப் பட்டைகள் மட்டும் இருந்தன, பலகை இல்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்சம் நடந்து பார்த்தேன். எதுவும் தென்படவில்லை. இப்போதைக்குத் தடை எதுவும் இல்லை என்று நினைத்துப் பூட்டிவிட்டுப் போனேன்.

டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது நண்பரின் மாமனார் வெளியே வந்தார். "விடுங்க தம்பி, முப்பத்தஞ்சு பவுண்டுதானே. கட்டிட்டு நிம்மதியா இருங்க. கவுன்சிலோட மோதி யார் ஜெயிச்சா?" என்றார். (கவுன்சில் என்பது இங்குள்ள உள்ளாட்சி நிர்வாகம்.) அக்கறையோடு சொன்னதுதான். இங்கே நம்மவர்கள் பெரும்பாலோர் சொல்வதும் இதையேதான். அதனால்தான் இதை எழுதுகிறேன். மோதி ஜெயிக்க முடியும். அதற்குச் செலவும் இல்லை. எங்கே, எப்போது, என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

அன்றைக்கு ராத்திரி நான் செய்த ஒரு காரியம்தான் பின்னால் என்னைக் காப்பாற்றியது. காரை எடுப்பதற்கு முன்னால் போனில் படம் எடுத்தேன். டிக்கெட்டை மட்டும் எடுத்திருந்தால் பிரயோஜனம் இல்லை. காரும் கம்பமும் ஒரே படத்தில் வரும்படி ஒன்று. அந்த இரண்டு பட்டைகளையும் கிட்டப்போய் ஒன்று. ஒரு பட்டையின் திருகு துருப்பிடித்து, அடியில் கம்பத்தின் மேல் பழுப்பு நிறக் கோடாக வடிந்திருந்தது. பலகை நேற்று விழுந்ததல்ல, போய் வெகுநாள் ஆகிறது என்று அந்தத் துருக்கோடு சொன்னது. அப்புறம் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்துகொண்டே ஒரு வீடியோ எடுத்தேன். என் பக்கத்தில் மொத்தம் நான்கு கம்பங்கள். ஒன்றில்கூடப் பலகை இல்லை. வளைவு தாண்டி, குறுக்கே ஒரு தெரு வந்து சேர்ந்து, அதற்கும் அப்பால் கோடு மறுபடி தொடங்கும் இடத்தில்தான் ஒரு பலகை இருந்தது. என் காரிலிருந்து 140 காலடி எடுத்து வைத்தேன், அதுவரைக்கும்.

மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று போயிருந்தால், புதுப் பலகை வந்திருக்கலாம், மழை பெய்திருக்கலாம், காரே அங்கே இருந்திருக்காது. அந்தத் தெரு அந்த நேரத்தில் எப்படி இருந்தது என்பதற்கு நீங்கள்தான் சாட்சி. டிக்கெட் எழுதும் ஊழியரான வார்டனும் படம் எடுப்பார். ஆனால் அவர் தம் பக்கத்துக்கு வேண்டியதை எடுப்பார். வார்டன் இன்னும் அங்கேயே நின்றால் அவரிடம் வாதாடுவதில் பலனில்லை. டிக்கெட் கொடுத்து முடித்த பிறகு அதை ரத்து செய்யும் அதிகாரம் அவருக்குக் கிடையாது, கவுன்சிலுக்குத்தான் உண்டு. மரியாதையாக ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்துவிடலாம்.

வீட்டுக்கு வந்து முதலில் பார்க்க வேண்டியது, டிக்கெட் கொடுத்தது யார் என்பதை. கவுன்சில் தருவது பெனால்டி சார்ஜ் நோட்டீஸ். சூப்பர் மார்க்கெட், மருத்துவமனை போன்ற தனியார் இடங்களில் கம்பெனிகள் தருவது பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ். இரண்டையும் பிசிஎன் என்றே சொல்வார்கள், தாளும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் இரண்டும் வேறு வேறு சட்டம். தனியாருடையது ஒப்பந்த விவகாரம், அதற்கு மேல்முறையீட்டு வழியும் வேறு. நான் இங்கே சொல்வதெல்லாம் லண்டனுக்கு வெளியே கவுன்சில் தரும் டிக்கெட்டைப் பற்றி. லண்டனில் தொகை அதிகம், தீர்ப்பாயமும் வேறு. நடைமுறை மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

என் டிக்கெட்டில் இருந்த குறியீடு 01. தடை உள்ள தெருவில், தடை உள்ள நேரத்தில் நிறுத்தியது. 5.47 முதல் 5.52 வரை கவனித்ததாக எழுதியிருந்தது. குறியீட்டைப் படித்துப் புரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் அந்தக் குற்றம் நடக்கவில்லை என்பதைத்தான் நீங்கள் காட்ட வேண்டும். என் சகோதரி கணவருக்கு ஒருமுறை 05 வந்தது. காசு கட்டிய நேரம் முடிந்த பிறகும் நின்ற குற்றம். நேரம் முடிந்து எட்டாவது நிமிடத்தில் டிக்கெட் எழுதியிருந்தார்கள். 2015 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் கவுன்சிலின் பார்க்கிங் இடங்களில், கட்டிய நேரமோ இலவச நேரமோ முடிந்த பின் 10 நிமிடம் சலுகை உண்டு. அது தாண்டினால்தான் அபராதம். இரண்டு வரி எழுதினார், ரத்தாகிவிட்டது. இந்த 10 நிமிடம் மஞ்சள் கோட்டில் செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு.

சரி, என் கடிதத்துக்கு வருகிறேன். முதலில் இரண்டு பக்கம் எழுதினேன். குழந்தை பிறந்தது, தூறல், பதினோரு வருஷமாக ஒரு டிக்கெட்கூட வாங்காதது, இந்த மாதம் கைச்செலவு அதிகமானது, எல்லாம் எழுதினேன். வேலை செய்யும் இடத்தில் ஒரு அக்கா இருக்கிறார். முன்பு வேறு ஊரில் கவுன்சில் பார்க்கிங் பிரிவில் இதே மாதிரிக் கடிதங்களுக்குப் பதில் எழுதியவர். அவரிடம் காட்டினேன். பேனாவை எடுத்து ஒவ்வொரு பத்தியாக அடித்துக்கொண்டே வந்தார். "எல்லாம் நிஜம்தான் தம்பி. ஆனா படிக்கிறவங்க முடிவு எடுக்கணும்ல? அதுக்கு இதுல என்ன இருக்கு சொல்லு" என்றார். கடைசியில் மிஞ்சியது மூன்று வரி. அந்த மூன்றையும் விரித்து எழுதச் சொன்னார்.

நான் அனுப்பியதன் சாரம் இதுதான்: "என் கார் நின்றது ஒற்றை மஞ்சள் கோட்டில், சிவப்புச் செங்கல் வீட்டுக்கு முன்னால் உள்ள கம்பத்தின் பக்கத்தில். அந்தக் கம்பத்தில் நேரப் பலகை இல்லை. இரண்டு பட்டைகள் மட்டுமே உள்ளன (படம் 1, 2). அந்தக் கோடு தொடங்குவது முதல் முடிவது வரை எந்தக் கம்பத்திலும் பலகை இல்லை (வீடியோ). தடையின் நேரத்தை ஓட்டுநர் அறிய வழி இல்லாததால் குற்றம் நடக்கவில்லை என்கிறேன். இந்த டிக்கெட்டை ரத்து செய்யுங்கள். மறுத்தால், இந்த இடத்தில் இருந்த பலகையின் படத்தையும், கடைசியாக அதைச் சோதித்த தேதியையும், இந்தத் தெருவில் தடையை விதிக்கும் போக்குவரத்து ஆணையையும் அனுப்புங்கள்."

அனுப்புவதற்கு முன் அக்கா ஒன்று கேட்டார்: "அது கன்ட்ரோல்டு பார்க்கிங் ஸோன் இல்லையே?" நல்ல கேள்வி. அந்த மாதிரி மண்டலத்துக்குள் நுழையும் இடத்தில் பெரிய பலகையில் நேரம் எழுதியிருப்பார்கள். உள்ளே உள்ள ஒற்றைக் கோடுகளுக்குத் தனித்தனியாகப் பலகை வேண்டியதில்லை. இரட்டை மஞ்சள் கோட்டுக்கும் எந்நேரமும் தடை என்பதால் பலகை தேவையில்லை. இது தெரியாமல் "பலகையே இல்லை" என்று எழுதித் தோற்பவர்கள் நிறைய. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போய், அந்தப் பகுதிக்குள் வரும் எல்லா வழிகளையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

ஐந்தாம் நாள் அனுப்பினேன். இதற்கு ஒரு காரணம் உண்டு. 14 நாளுக்குள் ஆட்சேபித்து, கவுன்சில் அதை மறுத்தால், பாதித் தொகையை இன்னொரு 14 நாளுக்கு மறுபடி தர வேண்டும் என்று அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆகவே முதல் ஆட்சேபணையை நேரத்தோடு அனுப்புவதில் நஷ்டமே இல்லை.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. மறுப்பு. "இரட்டை மஞ்சள் கோடுகளுக்கு நேரப் பலகை தேவையில்லை" என்று ஒரு பத்தி. "வாகனம் நிறுத்துமிடத்தைச் சரிபார்ப்பது ஓட்டுநரின் பொறுப்பு" என்று ஒரு பத்தி. கடைசியில் தடித்த எழுத்தில், 35 பவுண்டு கட்ட இன்னும் 14 நாள் அவகாசம்.

அந்தக் கடிதத்தை சமையலறையில் நின்று நான்கு தடவை படித்தேன். அவர்கள் எடுத்த படத்திலேயே கோடு ஒற்றையாகத் தெரிகிறது. கவுன்சிலின் முத்திரை, கெட்டித் தாள், சட்டப் பிரிவு எண்கள் எல்லாம் சேர்ந்து, எதிரில் இருப்பவர்கள் நீதிபதி என்று நம்மை நினைக்க வைக்கின்றன. அவர்கள் நீதிபதி இல்லை. டிக்கெட் கொடுத்த அதே தரப்பு. அவர்கள் எழுதியது எதிர்த்தரப்பின் பதில், அவ்வளவுதான். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். 35-க்கும் 70-க்கும் நடுவில் இருக்கும் அந்த 35 பவுண்டு பயம்தான் காரணம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. மனைவியிடம் கேட்டேன். "தப்பு நம்ம மேல இல்லைன்னா கட்டாதீங்க" என்றாள். கட்டவில்லை. ஒருமுறை கட்டிவிட்டால் வழக்கு அதோடு முடிந்துவிடும். கட்டிவிட்டு அப்புறம் வாதாடலாம் என்பது நடக்காது.

முதல் ஆட்சேபணையோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடவும் கூடாது. கட்டாமல் 28 நாள் கடந்ததும் வாகனத்தின் உரிமையாளருக்கு முறையான நோட்டீஸ் ஒன்று வரும், நோட்டீஸ் டு ஓனர் என்று. அதுதான் சட்டப்படியான கட்டத்தின் தொடக்கம். அது வந்த பின் 28 நாளுக்குள் மறுபடி, முறைப்படி ஆட்சேபிக்க வேண்டும். "ஏற்கெனவே எழுதிவிட்டேனே" என்று இருந்தால் தொகை பாதி கூடும், 70 என்பது 105 ஆகும். அதையும் கட்டாவிட்டால் நார்தாம்ப்டனில் உள்ள, போக்குவரத்து அபராதங்களுக்கான நீதிமன்ற மையத்தில் கடனாகப் பதிவாகி, ஜப்தி ஆட்கள் வீட்டு வாசலுக்கு வருவார்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இது நடந்தது. வீடு மாறியவர், வாகனப் பதிவில் விலாசத்தை மாற்றவில்லை. எல்லாக் கடிதமும் பழைய வீட்டுக்குப் போயிற்று. கடைசியில் கதவு தட்டப்பட்டபோதுதான் அவருக்கே தெரியும். நோட்டீஸ் கிடைக்கவில்லை என்று சாட்சி அறிக்கை கொடுத்து வழக்கைப் பின்னோக்கிக் கொண்டுபோக வழி உண்டு, கொடுத்தார், சரியாயிற்று. ஆனால் அந்த இரண்டு மாதம் அவர் பட்ட பாடு. வீடு மாறினால் அந்த வாரமே வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ-வில் விலாசத்தை மாற்றிவிடுங்கள். காசே ஆகாது.

டிசம்பரில் எனக்கு நோட்டீஸ் வந்தது. இந்த முறை அதே வாதத்தோடு இரண்டு விஷயம் சேர்த்தேன். ஒன்று, இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டின் போக்குவரத்து ஆணை நடைமுறை விதிகளில் 18-ஆம் விதி. தடை போடும் கவுன்சில், சாலையைப் பயன்படுத்துவோருக்குப் போதிய தகவல் கிடைக்கும்படி குறிகளை வைக்க வேண்டும் என்கிறது அது. இன்னொன்று, முதல் பதில் இரட்டைக் கோட்டைப் பற்றிப் பேசுகிறது, என் ஆட்சேபணையோ ஒற்றைக் கோட்டைப் பற்றியது, ஆகவே அது பரிசீலிக்கப்படவே இல்லை என்று எழுதினேன். கோபமாக எழுதவில்லை. அவர்கள் கடிதத்தின் அந்த வரியையும், அவர்கள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

முறையான ஆட்சேபணைக்குக் கவுன்சில் 56 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் ஆட்சேபணையை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்பட்டு டிக்கெட் ரத்தாகும். காலண்டரில் அந்தத் தேதியை வட்டம் போட்டு வைத்திருந்தேன். நாற்பத்தி நான்காம் நாள் மறுப்பு வந்தது. இந்தத் தடவை போக்குவரத்து ஆணையின் பக்கமும் ஒரு பலகையின் படமும் இருந்தன. ஆணையின்படி திங்கள் முதல் சனி வரை, காலை 8 முதல் மாலை 6.30 வரை தடை. தடை இருந்தது உண்மை. நான் அந்த நேரத்துக்குள் நின்றதும் உண்மை. இதை மறைக்க எனக்கு ஆசையும் இல்லை, அவசியமும் இல்லை. அது எனக்குச் சொல்லப்பட்டதா என்பதுதான் கேள்வி.

பலகையின் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். பலகை பளிச்சென்று இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் வெள்ளையடித்த சுவர், நீல நிற கராஜ் கதவு. என் கார் நின்ற இடத்தில் சிவப்புச் செங்கலும் புதர்வேலியும். அந்த நீலக் கதவு எனக்குத் தெரியும். என் வீடியோவின் கடைசி வினாடிகளில், குறுக்குத் தெருவுக்கு அப்பால் அது வருகிறது. அவர்கள் படம் எடுத்தது 140 காலடி தள்ளி, வேறொரு கோட்டுக்கு வைத்த பலகையை. அந்தக் கணத்தில்தான் ஜெயிப்போம் என்று எனக்கு முதல்முறையாகத் தோன்றியது.

மறுப்புக் கிடைத்து 28 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். லண்டன் தவிர்த்த இங்கிலாந்துக்கு டிராஃபிக் பெனால்டி ட்ரைப்யூனல். கட்டணம் கிடையாது. வக்கீல் வேண்டாம். எல்லாம் இணையத்திலேயே. முடிவு எடுப்பவர் சட்டம் படித்த, கவுன்சிலுக்குச் சம்பந்தமில்லாத நடுவர். தோற்றாலும் கட்ட வேண்டியது அந்த 70 மட்டும்தான். வேண்டுமென்றே தொல்லை கொடுக்கிறார் என்று சொல்லும்படி நடந்துகொண்டாலொழிய எதிர்த்தரப்புச் செலவு நம் தலையில் விழாது. இவ்வளவு நல்ல ஏற்பாடு இருக்கிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. பல வழக்குகளில், மேல்முறையீடு பதிவானதுமே கவுன்சில் எதிர்வாதம் செய்யாமல் விலகிக்கொள்வதும் உண்டு.

எங்கள் கவுன்சில் விலகவில்லை. ஆவணங்களைப் பதிவேற்றினார்கள். நான் அவர்கள் படத்தையும் என் வீடியோவிலிருந்து எடுத்த ஒரு காட்சியையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து, நீலக் கதவை வட்டமிட்டு, ஒரு கையால் வரைந்த தெருப்படத்தோடு சேர்த்தேன். கம்பங்களுக்கு எண் போட்டேன். கார் எங்கே, பலகை எங்கே, குறுக்குத் தெரு எங்கே. அந்தப் படம் அழகாக இல்லை. ஆனால் அந்தத் தெருவை ஒருநாளும் பார்த்திராதவருக்கு ஒரே பார்வையில் புரியும்.

கோட்டில் இருந்த சின்னக் குறைகளை நான் தொடவில்லை. கோட்டின் ஒரு இடத்தில் வண்ணம் தேய்ந்திருந்தது, கோடு முடியும் இடத்தில் குறுக்குக் கோடும் இல்லை. அதையெல்லாம் எழுதலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். வேண்டாம் என்றேன். 2011-ல் சண்டர்லாந்து நகரம் சம்பந்தப்பட்ட வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், சின்னச் சின்னக் குறைகள் இருப்பதாலேயே தடை செல்லாமல் போகாது, சாலையில் செல்வோருக்குப் போதிய தகவல் கிடைத்ததா என்பதே முக்கியம் என்ற பார்வையை எடுத்தது. பத்து குறை எழுதினால் உங்கள் ஒரு நல்ல குறை அதில் தொலைந்துபோகும்.

மார்ச்சில் தொலைபேசியில் விசாரணை. மதியம் காரிலேயே உட்கார்ந்து பேசினேன். கவுன்சில் தரப்பில் யாரும் வரவில்லை, ஆவணங்கள் மட்டும். நடுவர் நிதானமாகப் பேசும் ஒரு பெண்மணி. மூன்றே கேள்வி கேட்டார். காரை விட்டு இறங்கி எவ்வளவு தூரம் நடந்து பார்த்தீர்கள்? படங்கள் எடுத்தது அன்றைக்கேவா? அந்தப் பகுதிக்குள் எந்த வழியாக வந்தீர்கள்? தெரிந்ததைச் சொன்னேன். தூரம் நினைவில்லாத இடத்தில் நினைவில்லை என்றேன். பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. அன்று மாலையே முடிவு வந்தது: கவுன்சில் காட்டிய பலகை அந்தக் கோட்டுக்கு உரியதல்ல, கார் நின்ற இடத்தில் போதிய தகவல் இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை, மேல்முறையீடு ஏற்கப்படுகிறது.

அந்த அக்கா அடித்துத் தள்ளிய பத்திகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் கஷ்டங்களுக்கு இடமே இல்லை என்பதில்லை. உடம்புக்கு முடியாமல் போனது, வழியில் ஒருவருக்கு உதவப் போனது போன்றவை இருந்தால் கவுன்சில் தானாகவே ரத்து செய்யலாம், கண்டிப்பாக எழுதுங்கள், மருத்துவரின் கடிதத்தோடு. 1960 செப்டம்பரில் டிராஃபிக் வார்டன்கள் முதன்முதலாக லண்டன் தெருக்களில் இறங்கியபோது, முதல் டிக்கெட் வாங்கியவர் மாரடைப்பு வந்த ஒருவரைக் காப்பாற்றப் போன மருத்துவர். 2 பவுண்டு அபராதம். ஊரே கொந்தளித்ததும் அவரை விட்டுவிட்டார்கள். அப்படிப்பட்ட காரணம் உங்களிடம் இருந்தால் அதுவே முதல் வரியாக வரட்டும். என்னிடம் இருந்தது ஒரு கம்பமும் இரண்டு பட்டையும்தான், அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதினேன்.

ஏப்ரலில் குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது மறுபடி நண்பர் வீட்டுக்குப் போனோம். அந்தக் கம்பத்தில் புதுப் பட்டைகள் போட்டு மஞ்சள் பலகை மாட்டியிருந்தார்கள். திங்கள் முதல் சனி வரை, காலை 8 முதல் மாலை 6.30 வரை. காரை விட்டு இறங்காமலே படிக்க முடிந்தது. மணி ஐந்தரை. அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு நடந்து வந்தோம்.